பைத்தான் நிரலைப் பென்சிலால் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

குமுளியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐசிடி என்கிற கணினிப் பாடத்திலேயே பைத்தான் என்ற நிரல்மொழி வந்துவிடுகிறது. மலையிறங்கிக் கம்பத்துக்கு வந்தால், அங்கே பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் அதே பைத்தானைப் பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் கேரளப் பாடநூல், இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடநூல். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளிடமும் நான் பார்க்கிற சிக்கல் என்னவோ ஒன்றுதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற ஃபார் லூப்பின் அமைப்பைச் சொல் என்றால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், நான்கு வரி நிரலைக் கையில் கொடுத்து இது என்ன அச்சிடும் என்று கேட்டால் உடனே கணினி எங்கே என்று தேடுகிறார்கள்.

கணினியே இல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, நிரலை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த வரி ஓடி முடிந்ததும் எந்தப் பெயருக்கு எந்த மதிப்பு இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போவது. இது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிற விஷயம். இது வராமல் எத்தனை கட்டளை மனப்பாடமாக இருந்தாலும் சொந்தமாகப் பத்து வரி எழுத முடியாது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இந்தக் கட்டுரையில் பிரிண்ட், இஃப், ஃபார் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், படிக்க வசதியாக. கணினியில் தட்டும்போது இந்தக் கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். ஆனால் விலை, எடை, மொத்தம் என்று நாமாக வைக்கிற பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம், 2008-இல் வெளியான பைத்தான் 3 முதல் இதற்கு இடம் இருக்கிறது. தமிழில் வைக்க முடியும் என்பதற்காக வைத்தே தீர வேண்டும் என்றில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடித்தால் அலுத்துவிடும். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே வேண்டும் என்கிறவர்களுக்கு எழில் என்று ஒரு மொழி இருக்கிறது, அது பைத்தானின் மேல் கட்டப்பட்டது, பிரிண்டுக்குப் பதில் பதிப்பி என்று எழுதலாம். ஆனால் பரீட்சையும் வேலையும் பைத்தானில்தான், அதனால் இங்கே பைத்தான்.

சரி, முதல் நிரல். ஏலக்காய்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பச்சைக் காய் ஐந்து கிலோவைக் காயவைத்தால் ஒரு கிலோ தேறும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை = 50
உலர்ந்தது = பச்சை / 5
பச்சை = 80
பிரிண்ட்(உலர்ந்தது)

என்ன அச்சாகும்? 16 என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். பச்சை 80 ஆகிவிட்டது, அதை ஐந்தால் வகுத்தால் 16 என்பது அவர்கள் கணக்கு. கணக்கு வகுப்பில் அது சரியாகக்கூட இருக்கலாம். அங்கே சமக்குறி போட்டால் இரண்டு பக்கமும் எப்போதும் சமம் என்று அர்த்தம், ஒன்று மாறினால் மற்றதும் மாறியாக வேண்டும். பைத்தானில் சமக்குறி ஒரு வேலை, அதுவும் அந்த வரி ஓடுகிற நேரத்தில் ஒரே ஒரு முறை நடந்து முடிந்துபோகிற வேலை. முதலில் வலப்பக்கத்தைக் கணக்கிட்டு ஒரு மதிப்பைக் கண்டுபிடி, அப்புறம் இடப்பக்கத்துப் பெயரை அந்த மதிப்புக்கு வை, அவ்வளவுதான். இரண்டாவது வரி ஓடியபோது பச்சை 50, ஆகவே உலர்ந்தது 10. மூன்றாவது வரியில் பச்சை மாறியது. உலர்ந்தது என்ற பெயருக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்ற நினைவே கிடையாது, அது பாட்டுக்கு 10-இலேயே நிற்கிறது.

தாளில் இப்படி எழுதுங்கள். இடப்பக்கம் வரி எண், பக்கத்தில் பச்சை என்று ஒரு பத்தி, உலர்ந்தது என்று இன்னொரு பத்தி. வரி 1: பச்சை 50. வரி 2: பச்சை 50, உலர்ந்தது 10. வரி 3: பச்சை 80, உலர்ந்தது 10. வரி 4 எதையும் மாற்றவில்லை, அச்சிட மட்டும் செய்கிறது. சின்னப்பிள்ளை வேலை மாதிரி தெரியும், ஆனாலும் செய்யுங்கள்.

கணினியில் ஓட்டினால் திரையில் 10 என்று வராது, 10.0 என்று வரும். பைத்தானில் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால், மீதியே இல்லாமல் வகுபட்டாலும்கூட, விடை தசம எண்ணாகத்தான் கிடைக்கும். முழு எண்ணே வேண்டுமென்றால் சாய்கோட்டை இரண்டு முறை போட வேண்டும். மீதி மட்டும் போதும் என்றால் சதவீதக் குறி. 53 கிலோவை ஐந்து கிலோப் பைகளில் போட்டால் எத்தனை பை நிறையும், கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு 53 // 5 என்றால் 10, 53 % 5 என்றால் 3.

சமக்குறியை ஒரு வேலையாகப் பார்க்கப் பழகிவிட்டால் இந்த வரியும் பயமுறுத்தாது:

மொத்தம் = மொத்தம் + 12

கணக்கு வாத்தியார் பார்த்தால் அடித்துவிடுவார். ஆனால் வலப்பக்கம் முதலில் என்று படியுங்கள். இப்போது மொத்தம் 30 என்றால், 30 உடன் 12 சேர்ந்து 42, அந்த 42-க்கு மொத்தம் என்று பெயர். முடிந்தது. கணக்குப் போடுகிற நிரல்களில் இந்த மாதிரி வரியை அடிக்கடி பார்ப்பீர்கள்.

அடுத்து மதிப்புகளின் வகை. பைத்தானுக்கு 12 வேறு, மேற்கோள்குறிக்குள் இருக்கிற "12" வேறு. முன்னது எண், பின்னது எழுத்துகளின் வரிசை, பாடநூலில் இதைச் சரம் என்கிறார்கள். 12 + 12 என்றால் 24. "12" + "12" என்றால் "1212", ஒன்றின் பின்னால் ஒன்றை ஒட்டிவிடும். "12" + 12 என்று கலந்து கேட்டால் கூட்டுவதா ஒட்டுவதா என்று தானாக ஒரு முடிவெடுக்காமல் பிழை என்று நின்றுவிடும், அது நல்லதுதான். தொடக்கக்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இன்புட்.

எடை = இன்புட்("எத்தனை கிலோ? ")
பிரிண்ட்(எடை * 3)

இதை ஓட்டி 12 என்று தட்டினால் 36 வராது, 121212 வரும். பிழைச்செய்தி எதுவும் இல்லை, நிரல் கம்பீரமாக ஓடி முடிகிறது, விடை மட்டும் குப்பை. காரணம், விசைப்பலகையில் நாம் என்ன தட்டினாலும் இன்புட் அதைச் சரமாகத்தான் கொடுக்கும், சரத்தை மூன்றால் பெருக்கினால் அதையே மூன்று முறை ஒட்டித் தரும். எண்ணாக வேண்டுமென்றால் இன்ட் என்பதற்குள் போட்டு மாற்ற வேண்டும், தசமம் வரக்கூடிய எடை என்றால் ஃப்ளோட்:

எடை = ஃப்ளோட்(இன்புட்("எத்தனை கிலோ? "))

இங்கே இன்ட் போட்டுவிட்டு யாராவது 12.5 என்று தட்டினால் நிரல் அங்கேயே படுத்துவிடும், ஏனென்றால் "12.5" என்ற சரத்தை இன்ட் ஏற்காது. ஒரு வேடிக்கை, இன்ட்டுக்குள் "௧௨" என்று தமிழ் எண்களைச் சரமாகக் கொடுத்துப் பாருங்கள், சரியாக 12 என்று புரிந்துகொள்ளும். ஆனால் மேற்கோள்குறி இல்லாமல் நிரலுக்குள்ளேயே நேராகத் தமிழ் எண்ணை எழுதினால் ஏற்காது.

ஃப்ளோட்டிடமும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 0.1 + 0.2 என்று கேட்டால் பைத்தான் 0.30000000000000004 என்று சொல்லும். பைத்தானுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது, பத்தில் ஒரு பங்கை அப்படித் துல்லியமாக எழுத முடியாது, மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போகிற அதே கதை. எடைக்கு இது பரவாயில்லை. காசுக் கணக்கு என்றால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்லது. முழு எண்ணுக்கு பைத்தானில் உச்சவரம்பு கிடையாது, கணினியின் நினைவகம் தாங்குகிறவரை எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் போகலாம்.

சரங்களைப் பற்றி நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இது வராது. லென் என்பது நீளத்தைச் சொல்லும் கட்டளை. லென்("ஏலக்காய்") எத்தனை? நம் கணக்கில் ஏ, ல, க், கா, ய், மொத்தம் ஐந்து எழுத்து. பைத்தான் 8 என்று சொல்லும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடு முறையில் புள்ளிக்குத் தனி எண், துணைக்காலுக்குத் தனி எண். க் என்பது க-வும் புள்ளியும், கா என்பது க-வும் துணைக்காலும், ய் என்பது ய-வும் புள்ளியும் என்று மூன்று எழுத்துகள் ஆளுக்கு இரண்டாகிவிடுகின்றன. "கம்பம்" என்று கேட்டால் 6. ஆகவே தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தோ திருப்பியோ போடுகிற பயிற்சியை அப்படியே செய்தால் புள்ளிகளும் கால்களும் இடம் மாறிக் கோணல்மாணலாக வரும். நிரலில் தப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் எழுத்துகளை நாம் எண்ணுகிற மாதிரியே பிரித்துக் கொடுக்க ஓப்பன் தமிழ் என்று ஒரு பைத்தான் தொகுப்பு இருக்கிறது.

நிபந்தனைக்கு வருவோம். தேனி மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டத்தைச் சொல்லி விளக்கினால் சீக்கிரம் புரியும், மழைக்காலத்தில் காலையில் டீக்கடையில் முதல் பேச்சே அதுதான். 1895-இல் திறந்த அணை, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் நிற்கிறது, தண்ணீர் சுரங்கம் வழியாக நம் பக்கம் வருகிறது. 1979-இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள், 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. மாதத்துக்கு மாதம் எவ்வளவு தேக்கலாம் என்ற கணக்கு தனியாக இருக்கிறது, அதை விடுவோம்.

மட்டம் = 142
இஃப் மட்டம் >= 136:
    பிரிண்ட்("136 அடியை எட்டியது")
எலிஃப் மட்டம் >= 142:
    பிரிண்ட்("142 அடியை எட்டியது")
எல்ஸ்:
    பிரிண்ட்("136-க்குக் கீழே")

பென்சிலை எடுங்கள். மட்டம் 142. முதல் கேள்வி, 142 என்பது 136-க்குச் சமமா, அல்லது மேலா? மேல். ஆகவே "136 அடியை எட்டியது" அச்சாகும். அத்தோடு கதை முடிந்தது, எலிஃப் பக்கமே பைத்தான் திரும்பிப் பார்க்காது. இஃப், எலிஃப், எல்ஸ் என்று தொடராக வந்தால் மேலிருந்து முதலில் எது உண்மையோ அது ஒன்றுதான் ஓடும். இந்த நிரலில் மட்டத்துக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் "142 அடியை எட்டியது" என்ற வரி அச்சாகவே ஆகாது என்பதைக் கவனியுங்கள். பெரிய எண்ணை முதலில் கேட்டிருக்க வேண்டும். வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். மதிப்பெண்ணுக்கு கிரேடு போடுகிற நிரல், சல்லடையில் சலித்த காயை 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று ரகம் பிரிக்கிற நிரல், எல்லாவற்றிலும் இதே கோளாறு வரும்.

அப்புறம், சமமா என்று கேட்க இரட்டைச் சமக்குறி. மட்டம் == 142 என்பது கேள்வி, மட்டம் = 142 என்பது வேலை. இஃப் வரியில் ஒற்றைச் சமக்குறி போட்டால் பைத்தான் ஓட்டவே மறுத்துவிடும். சி மொழியில் அதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டு நம்மைக் கவிழ்த்துவிடும், அந்த வகையில் இது புண்ணியம்.

மேலே பிரிண்ட் வரிகள் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கின்றன, பார்த்தீர்களா? அழகுக்காகச் செய்ததல்ல அது. எந்தெந்த வரிகள் இஃபுக்கு உட்பட்டவை என்பதை பைத்தான் அந்தத் தள்ளலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. சி பிளஸ் பிளஸ் முடித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே நெளிவார்கள், அங்கே அந்த வேலையை அடைப்புக்குறி பார்த்துக்கொள்ளும். பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம், அதற்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஏபிசி என்ற மொழிக்காக வேலை செய்தவர். கற்றுக்கொள்ள எளிதாக இருக்க வேண்டும் என்று செய்த மொழி அது, அதிலும் வரியை உள்ளே தள்ளித்தான் எழுதுவார்கள். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தானைத் தொடங்கி 1991-இல் வெளியிட்டபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். நான்கு இடைவெளி தள்ளுவது வழக்கம். ஓரிடத்தில் நான்கு, அடுத்த வரியில் மூன்று என்று வைத்தால் ஏற்காது.

மடக்கு, அதாவது லூப். இங்கேதான் பென்சில் நன்றாக உழைக்கும். மூன்று பேர் எடுத்த காயின் எடை ஒரு பட்டியலாக இருக்கிறது, கூட்ட வேண்டும்.

மொத்தம் = 0
ஃபார் எடை இன் [12, 9, 15]:
    மொத்தம் = மொத்தம் + எடை
பிரிண்ட்(மொத்தம்)

தொடக்கத்தில் மொத்தம் 0. முதல் சுற்றில் எடை 12, மொத்தம் 12 ஆகிறது. இரண்டாம் சுற்றில் எடை 9, மொத்தம் 21. மூன்றாம் சுற்றில் எடை 15, மொத்தம் 36. பட்டியல் தீர்ந்தது, உள்ளே தள்ளாத வரிக்கு வருகிறோம், 36 அச்சாகிறது.

இப்போது இதே நிரலில் இரண்டு சின்ன மாற்றம். கடைசி பிரிண்ட் வரியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? அது ஒவ்வொரு சுற்றிலும் ஓடும், ஆகவே 12, 21, 36 என்று மூன்று வரி. பிரிண்ட்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, மொத்தம் = 0 என்ற வரியை லூப்புக்குள் முதல் வரியாகக் கொண்டுபோனால்? ஒவ்வொரு சுற்றும் மொத்தத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு எடையைச் சேர்க்கும், முன்பு சேர்த்ததெல்லாம் போச்சு, கடைசியில் 15 மட்டும் மிஞ்சும். ஒரே நான்கு வரிகள், நிற்கிற இடத்தைப் பொறுத்து மூன்று விதமான விடை. லூப் புரியவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு லூப் நன்றாகவே புரிந்திருக்கிறது, எந்த வரி உள்ளே, எந்த வரி வெளியே என்பதில்தான் தடுமாற்றம்.

பட்டியல் இல்லாமல் வெறுமனே எண்ணிக்கொண்டு போக ரேஞ்ச். ரேஞ்ச்(5) என்றால் 0, 1, 2, 3, 4. ஐந்து வராது, ஆனால் ஐந்து எண்கள் வரும். ரேஞ்ச்(1, 5) என்றால் 1 முதல் 4 வரை. கடைசி எண்ணைச் சேர்க்காது என்பதை நினைவில் வையுங்கள். பட்டியலில் முதல் உறுப்பின் எண் 0 என்பதும் இதோடு பொருந்தி வருகிறது, மூன்று உறுப்புள்ள பட்டியலில் எண்கள் 0, 1, 2.

ஒயில் லூப் எத்தனை சுற்று என்று முன்கூட்டியே தெரியாதபோது.

மட்டம் = 138
ஒயில் மட்டம் < 142:
    பிரிண்ட்(மட்டம்)
    மட்டம் = மட்டம் + 1

138, 139, 140, 141 அச்சாகும். லூப் முடிந்து வெளியே வரும்போது மட்டம் 142. கடைசி வரியை மறந்துவிட்டால் மட்டம் 138-இலேயே நிற்கும், நிபந்தனை எப்போதும் உண்மை, 138 திரை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

இப்போது, தொடக்கப் பாடங்களில் பெரும்பாலும் சொல்லாமல் தாண்டிவிடுகிற ஒன்று. நாம் மதிப்புக்கு வைக்கிற பெயரை மாறி என்பார்கள், மாறி என்றால் ஒரு பெட்டி, அதற்குள் மதிப்பைப் போட்டு வைக்கிறோம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். எண்களோடு நிற்கிறவரை அதில் தொந்தரவு இல்லை. பட்டியல் வந்ததும் அந்தப் பெட்டி உடைந்துவிடும். இதைப் பாருங்கள்:

காலை = [12, 9, 15]
மாலை = காலை
மாலை.அப்பெண்ட்(7)
பிரிண்ட்(காலை)

அப்பெண்ட் பட்டியலின் கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்க்கும். நாம் சேர்த்தது மாலையில். காலையை நாம் தொடவே இல்லை. ஆனால் அச்சாவது [12, 9, 15, 7]. பெட்டி என்று நினைத்தால் இதற்கு விளக்கமே கிடையாது, காலை என்ற பெட்டிக்குள் 7 எப்படிப் போனது?

போடிக்கோ புற்றடிக்கோ ஏலத்துக்குப் போகிற ஏலக்காய் மூட்டையில் பெயர் எழுதிக் கட்டியிருக்கிற சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் மாறி என்பது அந்தச் சீட்டு. மதிப்பு மூட்டை. காலை = [12, 9, 15] என்றால் ஒரு மூட்டை உருவாகிறது, அதில் காலை என்ற சீட்டைக் கட்டுகிறோம். மாலை = காலை என்றால் வலப்பக்கம் முதலில், காலை என்ற சீட்டு எந்த மூட்டையில் இருக்கிறதோ அதைப் பிடி, அதே மூட்டையில் மாலை என்று இன்னொரு சீட்டையும் கட்டு. இரண்டாவது மூட்டை எதுவும் வரவில்லை. அப்பெண்ட் மூட்டையைப் பிரித்து உள்ளே போடுகிற வேலை. எந்தச் சீட்டைப் பார்த்துப் போட்டாலும் போய்ச் சேர்வது ஒரே மூட்டைதான்.

எண்களில் ஏன் இந்தக் குழப்பம் வருவதில்லை?

காலை = 10
மாலை = காலை
மாலை = மாலை + 1

இரண்டாம் வரிக்குப் பின் இங்கேயும் ஒரே 10-இல் இரண்டு சீட்டு. மூன்றாம் வரியில் 10 + 1 கணக்கிட்டு 11 என்ற வேறொரு மதிப்பு கிடைக்கிறது, மாலை என்ற சீட்டை அவிழ்த்து அதில் கட்டிவிடுகிறோம். காலை பழைய 10-இலேயே. எண்களையும் சரங்களையும் பிரித்து உள்ளே எதையும் மாற்ற பைத்தான் விடாது, புதிதாக ஒன்றை உண்டாக்கத்தான் முடியும், அதனால் அங்கே இந்தக் குட்டு வெளிப்படுவதில்லை.

ஆக ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி இது: சீட்டு இடம் மாறுகிறதா, மூட்டைக்குள் மாறுகிறதா? ஒற்றைச் சமக்குறியின் இடப்பக்கம் வெறும் பெயர் மட்டும் இருந்தால் சீட்டு மாறுகிறது. அப்பெண்ட் போன்றவையும், மாலை[0] = 20 என்று குறிப்பிட்ட இடத்தில் எழுதுவதும் மூட்டைக்குள் கைவைப்பவை. உண்மையிலேயே தனி நகல் வேண்டுமென்றால் மாலை = காலை.காப்பி() என்று கேட்டு வாங்க வேண்டும். மாலை = மாலை + [7] என்று எழுதினாலும் புதுப் பட்டியல் உருவாகும், காலைக்கு ஒன்றும் ஆகாது. தாளில் எழுதும்போது எண்களுக்குப் பத்தி போட்ட மாதிரி பட்டியலுக்குப் போடாதீர்கள். பட்டியலை ஒரு முறை மட்டும் எழுதிச் சுற்றி வட்டம் போட்டு, பெயர்களிலிருந்து அதற்குக் கோடு இழுங்கள்.

செயற்கூறு, அதாவது ஒரு வேலைக்குப் பெயர் வைத்துவிட்டு வேண்டும்போது அந்தப் பெயரால் கூப்பிடுவது, அதைப் பற்றிச் சுருக்கமாக.

டெஃப் கூலி(நாள், ஒருநாள்):
    ரிட்டர்ன் நாள் * ஒருநாள்

வாரக்கூலி = கூலி(6, 500)

டெஃப் வரியைப் பைத்தான் படிக்கும்போது எந்தக் கணக்கும் நடக்காது, கூலி என்று கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளும். கடைசி வரியில்தான் நாள் 6, ஒருநாள் 500 ஆகி, பெருக்கல் நடந்து, 3000 திரும்பி வந்து வாரக்கூலி ஆகிறது. இங்கே எல்லாரும் சறுக்குகிற இடம், ரிட்டர்னுக்குப் பதில் பிரிண்ட் போடுவது. பிரிண்ட் போட்டாலும் திரையில் 3000 தெரியும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கூப்பிட்டவர் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை, வாரக்கூலியின் மதிப்பு நன், அதாவது எதுவுமில்லை என்பதைக் குறிக்க பைத்தான் வைத்திருக்கிற மதிப்பு. அடுத்த வரியில் வாரக்கூலி + 100 என்று எழுதியதும் பிழை வரும்.

பிழை வந்தால் பதற வேண்டாம், சிவப்பாக வருகிற பத்து வரியையும் படிக்கவும் வேண்டாம். கடைசி வரியை முதலில் படியுங்கள். நேம் எரர் என்றால் பெரும்பாலும் எழுத்துப்பிழை, விலை என்று வைத்துவிட்டு வில என்று தட்டியிருப்பீர்கள், அல்லது பெயரை வைப்பதற்கு முன்பே பயன்படுத்தியிருப்பீர்கள். டைப் எரர் என்றால் எண்ணையும் சரத்தையும் கலந்திருப்பீர்கள். சின்டாக்ஸ் எரர் என்றால் இஃப் வரியின் கடைசியில் விட்டுப்போன முக்காற்புள்ளி (:), மூடாத அடைப்புக்குறி, மூடாத மேற்கோள்குறி, இவற்றைத் தேடுங்கள். அதில் சொன்ன வரியில் தப்பு இல்லையென்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள், அடைப்பை மூடாதது அங்கே இருக்கும்.

எங்கே தட்டுவது? பைத்தான் இலவசம், அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் விண்டோஸில் ஐடில் என்ற சின்னச் செயலியும் கூடவே வரும், தொடக்கத்துக்கு அது போதும். கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 போட்டுக்கொள்ளலாம், முதல் முறை இறக்கிவிட்டால் சாதாரண நிரல்களை நெட் இல்லாமலே ஓட்டலாம், எஸ்டேட் பக்கம் டவர் எடுக்காத வீடுகளுக்கு இது தோது. போனில் உள்ளே தள்ளி எழுதுவது மட்டும் கொஞ்சம் இம்சை.

ஆனால் தட்டுவதற்கு முன்னால் இதைத் தாளில் ஓட்டுங்கள்.

பழையது = [3, 1]
புதியது = பழையது
ஃபார் எண் இன் [5, 2]:
    இஃப் எண் > 3:
        புதியது.அப்பெண்ட்(எண்)
    எல்ஸ்:
        புதியது = [எண்]
பிரிண்ட்(பழையது)
பிரிண்ட்(புதியது)

முதலில் அச்சாவது [3, 1, 5], அடுத்தது [2]. உங்களுக்கு இரண்டிலும் [3, 1, 5, 2] வந்திருந்தால் எல்ஸுக்குக் கீழே இருக்கிற வரியில் சீட்டு எங்கே போனது என்று பாருங்கள். முதலில் வெறும் [3, 1] வந்திருந்தால் இரண்டாம் வரிக்குத் திரும்பிப் போய் வட்டத்தையும் கோட்டையும் மறுபடி போடுங்கள்.